மழைக்கு நாற்பது நிமிடம்

அந்த விளையாட்டில் அழுவதற்குப் பொத்தான் கிடையாது.
சுட உண்டு, குதிக்க, குனிய, குண்டு நிரப்ப.
ஆகவே ஸெனெக்கை மழையில் நிறுத்தினோம்.

நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே மழை.
ஆறு நிமிடம் பெய்யும்,
குழாயை மூடியதுபோல் நிற்கும்.
அதுவரை காத்தோவிட்சேயின் நான்கு வீடுகளில்
ஹெட்போனை மாட்டியபடி
ஒருவர் மெல்வது மற்றவர்க்குக் கேட்கக் காத்திருப்போம்.

துப்பாக்கியைக் கீழே வைக்கவும் வழியில்லை.
ஹால்ஷ்காதான் கண்டுபிடித்தாள்:
ஏணியில் ஏறினால் ஆயுதம் மறைந்துவிடும்.
படம் முழுக்க இரண்டு சிப்பாய்களும்
ஏணிமேல் நின்றுதான் பேசுகிறார்கள்.
இறந்துபோன மூன்றாமவனின் மனைவிக்கு
யார் கடிதம் எழுதுவது என்று சண்டை.
பதினோரு நிமிடம். இடுப்புக்குக் கீழே காட்டவே இல்லை.

ஸெனெக் டிராம் ஓட்டுகிறவன்.
குடியை விட்டு ஏழு மாதம்.
மவுஸின் மேல் அவன் கை நடுங்க
சிப்பாயின் தலை நடுங்கியது.
பார்த்தவர்கள், என்ன நடிப்பு என்றார்கள்.

பிறகு விழாவிலிருந்து படிவம் வந்தது.
காட்சிகளின் உரிமையாளர் யார்?
எழுத ஒற்றைக் கோடு.

வழக்கறிஞர் ம்ரோச்செக், அரைமணிக்கு இருநூறு ஸ்வோத்தி.
நீங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, அம்மணி,
விளையாடிக்கொள்ளும் அனுமதியை.
பாலம் அவர்களுடையது.
மழை, பூட்ஸ் சத்தம், அந்தத் தாடை, அவர்களுடையவை.
கடைசியில் ஜீப் வானொலியில் பாடுகிறாளே,
அவளை அவர்களே வேறொருவரிடம் வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள்.
குரல்கள் உங்களுடையவை. வசனமும்.

நடுக்கம்? என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதற்கு முன்தீர்ப்பு எதுவும் நினைவில்லை என்றார்.
இருநூறில் அதுவும் சேர்த்தி.

நான் பீங்கானில் பல் செய்கிறவள்.
என் முன்பற்களோடு எங்கோ ஒருத்தி
கல்யாணப் படத்துக்குச் சிரிக்கிறாள்.
அந்தச் சிரிப்பில் பங்கு கேட்டு எழுதினால்
என் முதலாளியே என்னைப் பைத்தியம் என்பார்.
இதை ம்ரோச்செக்கிடம் சொல்லவில்லை;
என் வாதங்கள் எப்போதும்
அடுத்த நிறுத்தத்தில்தான் ஏறிக்கொள்ளும்.

அன்றிரவு விளையாட்டின் பெயர்ப்பட்டியலை
முதன்முறை கடைசிவரை பார்த்தேன்.
தண்ணீர் என்ற தலைப்பின் கீழ் ஒன்பது பேர்.
மாதச் சம்பளத்துக்குப் பெய்திருக்கிறார்கள்.
மழை அவர்களுடையதும் இல்லை.

ஐந்து வாரம் கழித்துப் பதில். மரியாதையான பதில்.
உங்கள் ஆர்வம் எங்களுக்கு மகிழ்ச்சி.
காசு வாங்காமல் காட்டலாம்.
பாட்டை எடுத்துவிடவும்.
இந்த அனுமதி எந்த நேரமும் திரும்பப் பெறப்படலாம்.

அரங்கில் டிக்கெட் பன்னிரண்டு ஸ்வோத்தி.
அதனால் படம் வெளியே,
கோட்டு மாட்டும் இடத்தருகே, ஒரு பழைய திரையில்
சுற்றிச்சுற்றி ஓடியது.
பாட்டிருந்த இடத்தில் ஜீப்பின் வைப்பர் மட்டும்
இப்படியும் அப்படியும்.
ஈரக் கோட்டைக் கழற்ற மறந்து சிலர் நின்றார்கள்.
பலர் நிற்கவில்லை.
டோக்கன் கொடுக்கும் பெண் பதினான்கு தடவை பார்த்தாள்,
மணிக்கூலிக்கு.
கம்பெனி அதைக் கவனிக்கவில்லை.
இவன் ஏன் குளிரில் இப்படி உதறுகிறான் என்று
வரிசையில் நின்ற ஸெனெக்கிடமே கேட்டாள்.
தெரியவில்லை என்று கோட்டை நீட்டினான்.

மார்ச்சில் புதிய பதிப்பு இறங்கியது.
பாலத்தை உடைத்துவிட்டார்கள், கதைக்குத் தேவையாம்.
ஏணியில் ஏறினாலும் இப்போது துப்பாக்கி முதுகில் தொங்குகிறது.
மழை மட்டும் அதே நாற்பது.

உள்ளே போகும் முன்
நாற்பத்தொரு பக்க ஒப்பந்தம், அடியில் ஒரே பொத்தான்.
திரையைப் பகிர்ந்திருந்தான் ஸெனெக்.
நாங்கள் மூவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்:
ஏற்கிறேன் என்ற சொல்லின் மேல்
அந்தச் சின்ன வெள்ளை அம்பு
நடுங்கிக்கொண்டிருந்ததை.